முத்திரையைச் சுற்றி ஒரு கொடி

பொள்ளாச்சியில் எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். உடன்பிறந்தவர் இல்லை, முப்பது வருஷப் பழக்கம். தென்னந்தோப்பும் நாலு மாடும் வைத்திருப்பவர். அவர் வீட்டு இரும்பு அலமாரியில் தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்று உண்டு. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து இவருக்கும் லைசென்ஸ் மாறி வந்தது. தேர்தல் அறிவித்தால் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்பப் போய் எடுத்து வருவார். அந்த வீட்டில் அது வெடித்ததாக யாருக்கும் நினைவில்லை. விருந்தாளி வந்தால் அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். அதுதான் அதன் வேலை.

நான் பெல்ஜியம் போகிறேன் என்று தெரிந்ததும் அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, லியேஜுன்னு ஒரு ஊராமுங்க. நம்ம துப்பாக்கி அந்த ஊருச் சரக்குதான்னு கோயமுத்தூர்க் கடைக்காரர் சொன்னாருங்க. அங்க நகாசு வேலைக்காரங்க இருப்பாங்களாமா. இதை இந்த மாதிரி பண்ண முடியுமான்னு கேட்டுட்டு வாங்க” என்றார். பின்னாலேயே வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. தொப்பி வைத்த லிபிய இளைஞன் ஒருவன் தங்கக் கைத்துப்பாக்கி ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படம். 2011 அக்டோபர் 20 அன்று சிர்த் நகரில் லிபியாவை ஆண்ட கடாபி பிடிபட்டுக் கொல்லப்பட்ட நாளில் உலகம் முழுக்கச் சுற்றியது. துப்பாக்கி முழுக்கத் தங்க முலாம், அதற்கடியில் பூவும் கொடியும்.

துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது, நினைக்கவும் கூடாது. அதனால் போவதற்கு முந்தின வாரம் பொள்ளாச்சிக்குப் போய் அதை எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். குழலுக்கும் பிடிக்கும் நடுவில், ஒரு மிளகளவு இடத்தில், ஒரு முத்திரை இருந்தது. முட்டை வடிவக் கட்டம், அதற்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்து, கட்டத்தின் தலையில் ஒரு சின்னக் கிரீடம். பக்கத்தில் ஒரு தூண் மாதிரி இன்னொரு குறி. விரலால் தடவினால்தான் தெரியும். கண்ணுக்கு எட்டவே கண்ணாடி வேண்டும்.

பிரஸ்ஸல்ஸிலிருந்து லியேஜுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். இறங்குகிற நிலையமே ஒரு காட்சி. சந்தியாகோ கலத்ராவா வடிவமைத்து 2009ல் திறந்தது. சுவரே இல்லாமல், உருக்கும் கண்ணாடியுமாகப் பெரிய அலையொன்று தண்டவாளங்களின் மேல் எழுந்து நிற்கிறது. இரும்பு வேலை தெரிந்த ஊர் என்பதை இறங்கியவுடனே சொல்லிவிடுகிறார்கள். வெளியே வந்தால் மியூஸ் ஆறு. நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆற்றங்கரை நெடுக லா பத் சந்தை கூடியிருந்தது. பாலாடைக்கட்டி, கோழிக்குஞ்சு, பழைய சட்டை, பூச்செடி என்று நம் வாரச்சந்தைகளின் அதே நெரிசல். கல் சர்க்கரை முத்துமுத்தாக உருகி ஒட்டிய லியேஜ் வாஃபிள் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தோடு நகர்ந்து, மார்க்கெட் சதுக்கத்துக்குப் போனேன்.

அங்கே நின்றது அந்தத் தூண். அண்ணன் ரிவால்வரில் விரலுக்கு மட்டும் தெரிந்த தூண், இங்கே நீரூற்றின் மேல் நிமிர்ந்து நின்றது. பெரோன் என்று பெயர். உச்சியில் மூன்று பெண்ணுருவங்கள் சேர்ந்து ஒரு பைன் காயைத் தாங்குகின்றன, அதன் மேல் சிலுவை. இந்த நகரத்து மக்களின் உரிமைக்கு அடையாளம் அது. 1467ல் பர்கண்டியின் சார்லஸ் பிரபு லியேஜைத் தோற்கடித்தபோது, ஊரை அவமானப்படுத்துவதற்காக அந்தக் காலத்துப் பெரோனைப் பிடுங்கி புரூஜ் நகரத்துக்குக் கொண்டுபோனார். மறு வருஷம் ஊரையே சூறையாடினார். அவர் செத்த பிறகுதான், 1478ல், தூண் திரும்பி வந்தது. அப்படிப் பறிகொடுத்து மீட்ட சின்னத்தைத்தான் இந்த ஊர் தன் துப்பாக்கிகளின் மேல் குத்தி அனுப்பியது.

அந்தக் குத்தும் சும்மா குத்தியதில்லை. கரியும் இரும்பும் ஆறும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால், பல நூற்றாண்டுகளாக லியேஜ் ஆயுத ஊர். குழல் ஒரு வீட்டில், விசை இன்னொரு வீட்டில், பிடி வேறொரு வீட்டில் என்று வீடு வீடாக வேலை நடந்தது. இப்படிப் பல கை சேர்ந்த சரக்கில் எது வெடித்துச் சிதறும், எது தாங்கும் என்று யார் சொல்வது? 1672ல் அன்றைய ஆயர்-இளவரசர் மாக்ஸிமிலியன் ஹென்றி ஒரு சோதனை ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டு வெடித்துப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. அந்தச் சோதனைச் சாலை இன்றும் இதே ஊரில் இயங்குகிறது. ஈ, எல், ஜி என்றால் லியேஜ் சோதனை என்று பொருள். தலையில் கிரீடம் சேர்ந்தது 1893லிருந்து. ஆக அண்ணன் தாத்தாவின் துப்பாக்கி அதற்குப் பிந்தியது என்று அந்தச் சதுக்கத்தில் நின்றபடியே கணக்குப் போட முடிந்தது.

ஆற்றங்கரையில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு பெரிய மாளிகை இருக்கிறது. நானூறு வருஷங்களுக்கு முன் ஜான் கர்ட்டியஸ் என்ற வெடிமருந்து வியாபாரி, சம்பாதித்த பணத்தைக் காட்டுவதற்குக் கட்டியது. அதையும் பக்கத்து மாளிகைகளையும் சேர்த்து இப்போது கிராண்ட் கர்ட்டியஸ் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். சேர்ந்த மாளிகைகளில் ஒன்றில் 1803ல் நெப்போலியன் வந்து தங்கினார். 1885ல் அது ஆயுத அருங்காட்சியகமானது. அங்கே அரை நாள் நின்றேன்.

கண்ணாடிப் பேழைகளில் வரிசை வரிசையாகக் கைத்துப்பாக்கிகள். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் குட்டித் துப்பாக்கி, பெட்டிக்குள் தலைமாற்றிப் படுத்திருக்கும் இரட்டைத் துப்பாக்கி, மிளகரைக்கும் குப்பி மாதிரி ஆறு குழல் கட்டிய பழைய சுழல் துப்பாக்கி. சிலவற்றில் ஒரு விரற்கடை வெற்றிடம் இல்லை. இலை சுருண்டு பூவாகிறது, பூவிலிருந்து இன்னொரு கொடி கிளம்புகிறது, கொடி முடிகிற இடத்தில் ஒரு நாய் முயலைத் துரத்துகிறது. நம் கோயில் தூணில் ஸ்தபதிகள் கொடிக்கருக்கு என்று சொல்லும் வேலையேதான். அதைக் கல்லில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கட்டைவிரல் அகல உருக்கில் பார்ப்பது மூச்சை நிறுத்தியது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டாரிகளின் பிடியில் யாளியும் கிளியும் வெட்டியவனும் இந்த ஊர்க்காரனும் ஒரே கவலையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கொல்வதற்கென்று செய்த பொருளைப் பார்ப்பதற்கென்று எப்படி மாற்றுவது என்ற கவலை.

காட்டுவதற்காகவே செய்த துப்பாக்கிக்கு நீண்ட கதை உண்டு. அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் இதைத் தொழில் தந்திரமாகவே செய்தார். ஹார்ட்ஃபோர்டில் அவர் ஆலையில் செய்து, ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தைத் தங்கத்தில் பதித்த ரிவால்வர் ஒன்று 1850களில் துருக்கி சுல்தான் அப்துல்மெஜித்துக்குப் பரிசாகப் போனது. இப்போது அது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ராஜாவின் கையில் ஒன்று இருந்தால் ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் விற்கலாம் என்பது அவர் கணக்கு. அமெரிக்கத் தளபதி பேட்டன் 1916ல் வாங்கிய கோல்ட் ரிவால்வரும் அந்த வகை. உருக்கு முழுக்கச் செதுக்கு வேலை, தந்தப் பிடி, பிடியில் தன் பெயரின் முதலெழுத்துகள். லியேஜுக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் பாஸ்தோன். 1944 டிசம்பரில் அங்கே முற்றுகையில் கிடந்த படையை மீட்டது பேட்டனின் சேனை. இடுப்பில் அந்த வெள்ளைப் பிடியைப் பார்த்தே வீரர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். காட்டுவதற்கும் ஒரு பயன் இருந்திருக்கிறது.

மறுநாள் ஹெர்ஸ்தாலுக்குப் போனேன். லியேஜை ஒட்டிய ஆலை ஊர். 1889ல் பெல்ஜிய ராணுவத்துக்கு மௌசர் ரைஃபிள் செய்து கொடுப்பதற்காக எஃப்.என். என்ற தேசிய ஆயுத ஆலையை இங்கே தொடங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து ஜான் மோசஸ் பிரவுனிங் தன் கைத்துப்பாக்கி வடிவங்களோடு இங்கேதான் வந்தார். பிரெஞ்சில் பிரவுனிங் என்றாலே கைத்துப்பாக்கி என்று ஆகும் அளவுக்கு அவை விற்றன. 1926 நவம்பரில் அவர் உயிர் பிரிந்ததும் இதே ஆலையில்தான். அவர் பாதியில் விட்ட ஒரு வடிவத்தை அதே ஆலையின் தியுதொனே செவ் முடித்து 1935ல் கொண்டுவந்தார். 13 தோட்டா பிடிக்கும் ஹை-பவர். நம் இஷாப்பூர் ஆலையில் ராணுவத்துக்கும் போலீசுக்கும் செய்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி அதன் வழிவந்ததுதான். கடாபியின் தங்கத் துப்பாக்கியும் ஹை-பவர்.

அதே ஆலையில் 1920களிலேயே பெலிக்ஸ் ஃபுங்கன் என்ற சிற்பியின் தலைமையில் செதுக்குக் கூடம் வைத்தார்கள். 1950களில் ‘ரெனெஸான்ஸ்’ என்ற பெயரில், வெள்ளி நிறத்தில், உடம்பு முழுக்கக் கொடி ஓடி, முத்துப்போல் மினுங்கும் பிடியும் தங்க விசையும் வைத்த கைத்துப்பாக்கிகள் வெளிவந்தன. பெரிது, நடுத்தரம், சின்னது என்று மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றார்கள். இன்றும் சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த மூன்று சேர்ந்த பெட்டியை.

ஹெர்ஸ்தாலில் ஓர் ஓட்டு வீட்டின் மாடியில் எனக்காக ஒருவர் காத்திருந்தார். ஓய்வுபெற்ற செதுக்குக் கலைஞர். எழுபதைத் தாண்டிய அம்மா. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிரெஞ்சுக்கு நடுவே தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். பதினைந்து வயதில் லியேஜ் தொழிற்பள்ளியில் உளி பிடித்தவர். முதல் வருஷம் முழுக்க இரும்புத் தகட்டில் நேர்க்கோடு, அடுத்து வளைகோடு, அதற்கப்புறம்தான் இலை. அவருடைய அம்மா ஆலையில் எந்திரத்தின் முன் நின்றவர். 1966 பிப்ரவரி 16 அன்று ஹெர்ஸ்தால் ஆலையின் மூவாயிரம் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆணுக்குக் கொடுக்கிற கூலியைப் பெண்ணுக்கும் கொடு என்பதுதான் கேள்வி. பன்னிரண்டு வாரம் நடந்தது. மணிக்கு 5 பிராங்க் உயர்வு கேட்டார்கள், 2.75 கிடைத்தது. ஐரோப்பாவில் சம கூலிக்கான போராட்டம் என்றால் இன்றும் முதலில் சொல்லும் பெயர்களில் ஹெர்ஸ்தால் ஒன்று. “அம்மா கையில் எண்ணெய், என் கையில் தங்கத்தூள். இரண்டும் அதே துப்பாக்கிக்குத்தான்” என்றார்.

மேஜையில் உருண்டையான ஒரு பிடிகருவி. பந்து மாதிரி எந்தப் பக்கமும் சுழலும். கை நகராது, பொருள் நகரும். அதில் ஒரு சின்ன உருக்குத் தகட்டைப் பூட்டி, வெள்ளைச் சாந்து மெல்லியதாகப் பூசி, பென்சிலால் ஒரு கொடி வரைந்தார். அப்புறம் உளியை வைத்து, பாக்குவெட்டியின் காம்பு அளவே இருக்கும் சுத்தியலால் தட்டத் தொடங்கினார். டிக் டிக் என்று சீரான சத்தம். மழை விட்ட பிறகு ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டும் சத்தம் அது. உளியின் முன்னால் உருக்கு ஒரு மயிரிழையாகச் சுருண்டு எழுந்தது. வளைவு வந்ததும் சத்தம் நிற்கவில்லை. இடது கை பிடிகருவியை மெல்லச் சுழற்றியது, உளி இருந்த இடத்திலேயே இருந்தது. இலையின் ஓரத்தில் கோடு தடித்தது, நுனிக்கு வரும்போது மெலிந்து, மூச்சு விட்டமாதிரி காணாமல் போனது. உளியைச் சாய்த்தால் தடிக்கும், நிமிர்த்தினால் மெலியும். அவ்வளவுதான் ரகசியம் என்றார். அதற்கு அறுபது வருஷம் ஆகியிருக்கிறது.

அண்ணன் அனுப்பிய தங்கத் துப்பாக்கிப் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “வேலை தெரிந்தவர் செய்தது. ஆனால் மேலே பூசிவிட்டார்கள்” என்றார். செதுக்கின கோட்டுக்கு உயிர் அதன் விளிம்பில் இருக்கிறது. முலாம் தடித்தால் விளிம்பு மழுங்கும். கொடி தெரியும், கை தெரியாது. தங்கம் வேண்டுமென்றால் பதிக்க வேண்டும், பூசக் கூடாது. உருக்கில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதன் இரண்டு கரையையும் உள்பக்கமாகக் குடைந்து, அடியில் பல் பல்லாகக் கீறி, 24 காரட் தங்கக் கம்பியை வைத்துத் தட்டுவார்கள். மெத்தென்ற தங்கம் பரவிக் குடைவுக்குள் புகுந்து பற்களில் கவ்விக்கொள்ளும். பசையும் இல்லை, பற்றவைப்பும் இல்லை. அருங்காட்சியகத்தில் நான் பார்த்த தங்கக் கோடுகள் இத்தனை வருஷம் உதிராமல் நிற்பது இந்தக் கவ்வலால்தான்.

அலங்காரத் துப்பாக்கி வேண்டும் என்று வருபவர் எதையெல்லாம் தேர்வு செய்ய வேண்டும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். முதலில் துப்பாக்கி. உடல் முழுக்க உருக்காக இருக்க வேண்டும். இப்போது வரும் பிளாஸ்டிக் உடல்களில் இந்த உளி வேலைக்கு இடமில்லை. பக்கங்கள் தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் கொடி ஓட இடம் கிடைக்கும். அடுத்தது எவ்வளவு இடத்தை மூடுவது என்பது. கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால், முழுசு என்று கணக்கு உண்டு. கூலியும் அதன்படி ஏறும். முழுக்க மூடினால்தான் அழகு என்று நினைப்பவர்கள் அதிகம். அவர் சொன்னது வேறு. வெற்றிடம் விட்டால்தான் வெட்டின இடம் பேசும். புதிதாக ஆசைப்படுகிறவருக்கு அரைப் பங்கே போதும், மிச்சப் பணத்துக்கு நல்ல கையைத் தேடு என்றார்.

அப்புறம் பாணி. ஆங்கிலேயப் பாணியில் சின்னச் சின்னச் சுருள்கள் நெருக்கமாக வரும். தூரத்திலிருந்து பார்த்தால் உருக்கு நெய்த துணி மாதிரி மினுங்கும். ரெனெஸான்ஸ் பாணியில் பெரிய இலைகள், ஆழமான வெட்டு, பின்னணியைப் புள்ளி வைத்துக் கறுக்க விடுவார்கள். வடக்கு இத்தாலியின் கர்தோனே ஊரில் இன்னொரு வகை. சுத்தியல் இல்லாமல் உள்ளங்கையால் உளியைத் தள்ளி, ஆயிரக்கணக்கான புள்ளிகளாலும் மயிரிழைகளாலும் பறவையையும் முகத்தையும் போட்டோ போலவே கொண்டுவருவார்கள். உருவம் வேண்டுமென்றால் அந்தக் கை, கொடி வேண்டுமென்றால் இந்தக் கை என்றார். கடைசியில் நிறம். நீலம் காய்ச்சினால் தங்கம் எடுத்துத் தெரியும். பழைய நாணயத்தின் சாம்பல் நிறத்தில் விட்டால் வெட்டு எடுத்துத் தெரியும். பிடிக்கு இப்போது தந்தம் கிடையாது. 1989ல் ஆப்பிரிக்க யானைத் தந்த வியாபாரத்தை உலக நாடுகள் தடை செய்தபின் அவர் தந்தத்தைத் தொடவே இல்லை. நல்ல வரியோடிய வால்நட் கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். சூடேறிக் கையோடு ஒட்டியது.

ஒரு நல்ல வேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். திருகாணியைப் பார் என்றார். நேர்த்தியான துப்பாக்கியில் ஒவ்வொரு திருகாணியின் பிளவும் குழலுக்கு நேராக ஒரே திசையில் நிற்கும். கொடியின் கோடு திருகாணித் தலையின் மேலேறி, பிளவைத் தாண்டி, மறுபக்கம் இறங்கிப் போகும். இன்னொன்று, முத்திரை. “சோதனை முத்திரையையும் வரிசை எண்ணையும் தொடக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் இல்லை. அது துப்பாக்கியின் பிறப்புச் சான்று. நல்ல கை கொடியை முத்திரைவரை கொண்டுவந்து, சுற்றி ஓட்டிக்கொண்டு போகும்.” தன் பழைய வேலைகளின் அச்சுப் பிரதி ஒன்றைக் காட்டினார். செதுக்கின கோட்டில் மை நிரப்பிக் காகிதத்தில் ஒற்றி எடுத்து வைப்பது இவர்கள் வழக்கம். காகிதத்தில் கொடி பாய்ந்து வந்தது. ஓரிடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளை இடம். கொடி அதைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் மறுபடி சேர்ந்தது. பாறையைக் கண்ட ஆறு அப்படித்தான் போகும்.

அதற்கப்புறம் அண்ணனின் ரிவால்வர் படங்களைக் காட்டினேன். பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிடியில் பெருவிரல் படும் இடம் தேய்ந்து மினுங்கியதைச் சுட்டினார். குழல் நுனியில் உறையில் போட்டெடுத்த தேய்மானம். முத்திரையின் மேல் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “இது இந்த ஊர்க் குழந்தை” என்றார். முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றார். பழைய மெல்லிய உருக்கு, ஆழமாக வெட்ட முடியாது, மேலோட்டமாக வெட்டலாம், வெட்டுவதற்கு முன் மேல்தோலை உரசி எடுத்தாக வேண்டும். உரசினால் உங்கள் நண்பரின் தாத்தா கை போய்விடும். “தாத்தா விரல் ஐம்பது வருஷம் செதுக்கியிருக்கிறது. அதை அழித்துவிட்டு நான் என்ன செதுக்குவது? காட்ட வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கிச் செய்யச் சொல்லுங்கள். இதற்கு ஒரு பெட்டி செய்யச் சொல்லுங்கள். பெயரைப் பெட்டியில் போடலாம்.”

புறப்படும்போது அந்த உருக்குத் தகட்டைக் கழற்றி, வெள்ளையைத் துடைத்துக் கொடுத்தார். தீப்பெட்டி அளவில் ஒரே ஒரு இலை.

இரவு ரயிலுக்கு முன் மறுபடி பெரோன் சதுக்கத்தில் உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டே தங்கத் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்த இளைஞன் நினைவுக்கு வந்தான். யாருக்குக் காட்டுவதற்காக அதைச் செய்தார்களோ, அந்தக் கூட்டமே கடைசியில் அதை எடுத்துக் காட்டியது. வெறுமனே பயமுறுத்தக் காட்டுகிற துப்பாக்கி எந்தக் கைக்குப் போனாலும் அந்தக் கையின் பெருமையாகிவிடும். நம் நாட்டிலும் கல்யாண ஊர்வலத்தில் வானத்தைச் சுட்டுக் காட்டி யாரையோ சாகடிக்கிற கொடுமை நடக்கிறது. 2019ல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, கொண்டாட்டத்துக்குச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம்வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். சத்தத்தைக் காட்டுவதற்கும் வேலையைக் காட்டுவதற்கும் உள்ள தூரம் பெரிது. அந்த மாடியில் நான் பார்த்தது இரண்டாவது வகை. அந்த அம்மா செதுக்கின எதுவும் யாரையும் சுடுவதற்குக் கேட்டு வாங்கியதல்ல. பார்க்கிறவர் கை தானாக நீள வேண்டும், நீண்ட கை மெதுவாக வேண்டும். அலங்காரத்தால் ஓர் ஆயுதத்தை அவ்வளவு தூரம் அடக்க முடியும் என்று நம்புகிறேன். ஆயுத பூஜையன்று அந்த மேஜையில் நான் இருந்திருந்தால் சந்தனமும் குங்குமமும் அந்த உளிக்குத்தான் வைத்திருப்பேன்.

ஊர் திரும்பி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முகம் வாடியது. “தங்கம் வேண்டாங்கறாங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் அலமாரியைத் திறந்து, ரிவால்வரை எடுத்து, பிடியில் தேய்ந்த இடத்தில் தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. நான் கொண்டுவந்த தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு ஊர்த் தச்சாசாரி வீட்டுக்குப் போனார். ஆசாரி தகட்டைக் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம கொடிக்கருக்குதானுங்க. தேர்ல வெட்டுவோமுங்களே” என்றார்.

நாலு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. ஈட்டி மரம். மூடியின் நாலு ஓரமும் லியேஜ் இலை ஓடியது. உருக்கில் மயிரிழையாக இருந்தது மரத்தில் கொஞ்சம் பருத்து, நம் ஊர் வாகுக்கு வந்திருந்தது. நடுவில் தாத்தா பெயர் தமிழில். உள்ளே நீல வெல்வெட்டில் ரிவால்வரின் உருவத்துக்குக் குழி. பெயரின் கடைசி எழுத்தைத் தொட வந்த கொடி, தொடாமல் வளைந்து சுற்றிப் போனது. முத்திரையைப் பற்றி நான் ஆசாரியிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மாதமே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். அண்ணன் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பழைய துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வந்தார். பெட்டி வீட்டில் இருந்தது. நான் போயிருந்த அன்று சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அண்ணன் பெட்டியை நடு வீட்டில் கொண்டுவந்து வைத்து, இரண்டு கையாலும் மூடியைத் திறந்து, அந்த நீலக் குழியைக் காட்டினார். எல்லோரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். துப்பாக்கி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூடியைத் தடவிக்கொண்டே, “யாருங்க பண்ணினது?” என்றுதான் கேட்டார்கள்.